கிணறும் கழிப்பறையும் பிறரன்பும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டுகளாக நம் பங்கை வழிநடத்தி வந்த இறைவனுக்கு இந்த மூன்று நாட்களும் நன்றி செலுத்தி வருகிறோம். நேற்றைய திருப்பலியில் மறைந்த குருக்களையும் நம் முன்னோர்களையும் நினைவுகூர்ந்தோம். இன்று மாலை, இனி வரும் ஆண்டுகளில் நாம் செய்ய வேண்டியது என்ன என்று சிந்திக்கக் கூடியிருக்கிறோம். அந்தச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்: குடிக்க நல்ல தண்ணீர், ஒதுங்க ஒரு கழிப்பறை, கழுவிய கை. இம்மூன்றும் உலகில் பிறந்த எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது எப்படி, அதில் நமக்குள்ள பங்கு என்ன என்பதே.

விழா மேடையில் கழிப்பறையைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். திருநூல் அதைப் பேச வெட்கப்படவில்லை. இஸ்ராயேல் மக்கள் பாளையமிறங்கும் இடங்களில், பாளையத்திற்கு வெளியே அதற்கென்று ஓரிடத்தை ஒதுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் ஆயுதங்களோடு மண்ணைத் தோண்டும் ஒரு கருவியையும் வைத்திருந்து, குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடிவிட வேண்டும் என்று மோயீசன் கட்டளை கொடுத்ததை இணைச்சட்ட நூலின் 23-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் அந்தப் பாளையத்தின் நடுவே நடமாடுகிறார், ஆகையால் அது தூயதாக இருக்க வேண்டும் என்பதே அங்கே தரப்படும் காரணம். நம் ஊரிலும் அவர் நடமாடுகிறார் என்று நம்புகிற நாம் இதைப் பேசக் கூசுவது ஏன்?

நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். சுத்தம் என்பது தனியொரு வீட்டின் சொத்து அன்று. ஊர் முழுவதற்கும் அது கிடைத்தாலொழிய எந்த ஒரு வீட்டுக்கும் அது முழுமையாகக் கிடைக்காது. அயலான் வீட்டில் கழிப்பறை இல்லை என்றால் என் வீட்டுக் குடிநீருக்கும் காவல் இல்லை. அயலானைத் தன்னைப் போலவே நேசிக்க வேண்டும் என்று ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். தண்ணீர் விஷயத்தில் அந்தக் கட்டளையை மீறுகிறவன் அயலானை மட்டும் கெடுப்பதில்லை. தன் பிள்ளையின் குவளையிலும் நஞ்சைக் கலக்கிறான்.

லண்டனில் ஒரு கிணறு

இதற்குச் சான்றாக ஒரு நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1854-ம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி, அதாவது காலரா, திடீரென்று பரவியது. பிராட் தெருவைச் சுற்றியிருந்த சில தெருக்களில் மட்டும் சில வாரங்களுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று படித்தவர்களும் அந்நாளில் நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒருவர் மட்டும், நோய் வருவது தண்ணீரால் என்று சில ஆண்டுகளாகவே கூறி வந்தார்.

அவர் தெருத் தெருவாகச் சென்று, இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயின் தண்ணீரைக் குடித்தவர்கள். அருகிலேயே 500-க்கும் மேற்பட்ட ஏழைகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் ஐந்து பேர்தான் இறந்திருந்தார்கள். அந்த இல்லத்திற்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த மதுபான ஆலையின் தொழிலாளிகளில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தத் தெருக் குழாயை நாடியதே இல்லை. ஸ்னோ கேட்டுக்கொண்டபடி செப்டம்பர் 8-ம் தேதி அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இவ்வளவும் மருத்துவ நூல்களில் உள்ள கதை. பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதியின் ஆலயத்தில் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற, முப்பது வயது நிரம்பாத ஆங்கிலிக்கன் குரு ஒருவர் உதவிப் பங்குப் பணியாளராக இருந்தார். ஸ்னோவின் கருத்தை அவர் முதலில் நம்பவில்லை. அது தவறு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாக விசாரணையைத் தொடங்கினார். அந்த மக்களை அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் அவரைத் தெரியும். நோயாளிகளின் படுக்கையருகே இருந்தவர் அவர். யார் எந்த நாளில் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று ஒரே வீட்டுக்கு நாலைந்து முறை சென்று கேட்கவும் அவரால் முடிந்தது. கேட்கக் கேட்க, ஸ்னோ சொன்னதே உண்மை என்று அவருக்கு விளங்கியது.

கடைசியில் நோயின் தொடக்கத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. அடிகுழாய்க்கு எதிரிலேயே இருந்த 40-ம் எண் வீட்டில், பிறந்து ஐந்து மாதமான பெண் குழந்தை ஒன்று பேதியால் இறந்திருந்தது. அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டின் கழிவுக் குழியில் ஊற்றியிருக்கிறாள். அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தபோது, அதன் செங்கல் சுவர் சிதைந்து, மூன்று அடி தூரம்கூட இல்லாத கிணற்றுக்குள் கழிவு கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாளில் அந்தக் குழந்தையின் தகப்பனும் நோயில் விழுந்தார். கிணறு திறந்தே இருந்திருந்தால் மீண்டும் ஒரு முறை சாவு தெருவைச் சூழ்ந்திருக்கும்.

அன்பர்களே, அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. எல்லாத் தாய்மாரும் செய்வதையே அவளும் செய்தாள். ஆனால் கிணறு ஒருவர் பொறுப்பாகவும் கழிவுக் குழி வேறொருவர் பொறுப்பாகவும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமலும் இருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் தெளிந்ததென்றும் சுவையானதென்றும் பெயர் பெற்றிருந்தது. வேறிடத்திலிருந்தும் ஆள் அனுப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு. தெளிந்த தண்ணீரெல்லாம் தூய தண்ணீர் ஆகாது என்பதை அவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். காலராக் கிருமி இன்னதென்று ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-ல்தான்.

இன்றைய உலகின் நிலை

லண்டன் திருந்திவிட்டது. உலகம் திருந்தியதா? 1977-ல் அர்ஜெண்டினா நாட்டின் மார் தெல் பிளாட்டா நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு, 1990-க்குள் எல்லோருக்கும் நல்ல தண்ணீரும் துப்புரவு வசதியும் வேண்டும் என்று முழங்கியது. 1981 முதல் 1990 வரை அதற்கென்றே ஒரு பத்தாண்டு கொண்டாடப்பட்டது. இலக்கு எட்டவில்லை. 2010-ம் ஆண்டு ஜூலை 28-ம் நாள் ஐ.நா. பொதுச்சபை, குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் இயற்றியது. 2015-ல் மீண்டும் ஓர் இலக்கு வகுத்து, 2030-ஐக் கெடுவாக வைத்தார்கள். அந்த ஆண்டு நெருங்கிவிட்டது.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட கணக்கு இது: 2024-ம் ஆண்டில், பாதுகாப்பான குடிநீர் வசதி இல்லாதவர்கள் 210 கோடிப் பேர், அதாவது உலகில் நால்வரில் ஒருவர். பாதுகாப்பான துப்புரவு வசதி இல்லாதவர்கள் 340 கோடிப் பேர். இவர்களில் 35 கோடிக்கும் மேற்பட்டோர் இன்றும் திறந்த வெளியில்தான் ஒதுங்குகிறார்கள். வீட்டில் சோப்பும் தண்ணீருமாகக் கை கழுவ வசதி இல்லாதவர்கள் 170 கோடிப் பேர்.

முன்னேற்றமே இல்லை என்று சொல்வது நன்றி கெட்ட பேச்சாகும். 2015-க்குப் பின் மட்டும் ஏறத்தாழ 96 கோடிப் பேருக்குப் புதிதாகப் பாதுகாப்பான குடிநீர் கிடைத்திருக்கிறது. ஆயினும் தண்ணீர், துப்புரவு, கைச்சுத்தம் ஆகியவற்றின் குறையால் 2019-ம் ஆண்டில் 14 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் ஏறத்தாழ 4 லட்சம்.

இந்தச் சுமையைத் தலையில் தாங்குகிறவர்கள் யார்? வீட்டில் தண்ணீர் இல்லாத குடும்பங்களில் பத்துக்கு ஏழில், தண்ணீர் சுமப்பவர்கள் பெண்களும் சிறுமிகளுமே. யாக்கோபின் கிணற்றுக்கு உச்சி வெயிலில் குடத்தோடு தனியாக வந்த சமாரியப் பெண்ணை அருளப்பர் நற்செய்தியில் பார்க்கிறோம். இனி இந்தக் கிணற்றுக்கு வந்து மொள்ளும் வேலை தனக்கு இல்லாதிருக்க வேண்டும் என்று அவள் ஆண்டவரிடம் கேட்கிறாள். ஆண்டவர் பேசியது வேறு தண்ணீரைப் பற்றி என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள், உண்மைதான். ஆனால் தினமும் குடம் சுமந்த ஒரு பெண்ணின் இடுப்பு வலியும் அந்த வேண்டுதலில் இருக்கிறது. கழிப்பறை இல்லாத பெண் படும் துன்பமோ அதைவிடக் கொடியது. இருட்டும் வரை அடக்கி வைக்கிறாள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். இருட்டிய பின் பயந்துகொண்டு போகிறாள்.

முக்காலியின் மூன்று கால்கள்

தண்ணீர், கழிப்பறை, கைச்சுத்தம் ஆகிய மூன்றும் ஒரு முக்காலியின் கால்களைப் போன்றவை. ஒன்று குறைந்தாலும் முக்காலி நில்லாது.

முதலாவது தண்ணீர். நல்ல நோக்கத்தோடு தோண்டப்பட்ட கிணறும் தவறிப் போகலாம் என்பதற்கு வங்காள தேசம் சான்று. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் பேதியில் சாவதைத் தடுக்க, 1970-களிலிருந்து அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. ஆனால் அந்த நாட்டின் பல பகுதிகளில் நிலத்தடியிலேயே ஆர்செனிக் என்ற நஞ்சு இயற்கையாகக் கலந்திருப்பது 1993-ல்தான் உறுதியாயிற்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, நல்லதற்குப் பச்சை வண்ணமும் கெட்டதற்குச் சிவப்பு வண்ணமும் பூசினார்கள். சோதித்த கிணறுகளில் ஏறத்தாழ பத்தில் மூன்று சிவப்பு. தண்ணீரைத் தருவது மட்டும் போதாது, சோதித்துத் தர வேண்டும் என்பது இதன் பாடம்.

இரண்டாவது கழிப்பறை. நம் நாட்டில் 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட வீட்டுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. பெரிய காரியந்தான். ஆனால் உள்ளே விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடுக்கி வைத்த கழிப்பறைகளை நாம் கண்டதில்லையா? தண்ணீர் வராத கழிப்பறை, குழி நிரம்பிய கழிப்பறை, கதவில்லாத கழிப்பறை, இவையெல்லாம் கணக்கில் இருக்கும், பயனில் இருக்கா. குழி வெட்டும் இடமும் முக்கியம். குடிநீர்க் கிணற்றிலிருந்து முப்பது மீட்டர் தள்ளியிருப்பது நலம். லண்டனில் மூன்றடிதான் இருந்தது.

மூன்றாவது கை. 1847-ல் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் பிரசவித்த தாய்மார்கள் ஜுரத்தால் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாகக் குறைந்தது. நம் வீடுகளிலும் இதே உண்மைதான். கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும், உணவைத் தொடும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. கண்ணுக்குச் சுத்தமாய்த் தெரியும் கையை வெறும் தண்ணீரில் நனைப்பது கழுவுதல் ஆகாது.

ஊரே கூடினால்

மூன்று கால்களும் நிற்க வேண்டுமானால் ஊர் ஒன்றுபட வேண்டும். 1999, 2000 ஆண்டுகளில் வங்காள தேசத்தின் ராஜ்ஷாஹி மாவட்டத்து மோஸ்மோயில் கிராமத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. இலவசமாகக் கழிப்பறை கொடுத்தும் மக்கள் வெளிக்குப் போவதை நிறுத்தாத காலம் அது. கமல் கர் என்ற இந்திய வல்லுநர் அந்த ஊருக்குச் சென்றார். பணம் தரவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. ஊராரோடு அவர்கள் ஒதுங்கும் இடங்களுக்கே நடந்து போனார். ஒரு நாளைக்கு, ஓர் ஆண்டுக்கு ஊரில் சேரும் மலம் எவ்வளவு என்று அவர்களையே கணக்கிடச் சொன்னார். அது மழையிலும் ஈயின் காலிலும் எங்கே போகிறது என்று கேட்டார். ஒருவர் கழிவை ஒருவர் உண்டுகொண்டிருக்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். அவர்களே குழி தோண்டத் தொடங்கினார்கள். அந்த முறை இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கைக்கொள்ளப்படுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில இடங்களில் இது ஏழையை அவமானப்படுத்தும் முறையாகத் திரிந்துபோனது. விசில் ஊதி விரட்டினார்கள், சலுகைகளை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். குழி தோண்ட நிலமே இல்லாதவனை வெட்கப்படுத்தி என்ன பயன்? அவனுக்கு இடமும் கைகொடுப்பும் தருவதே ஊரின் கடமை.

ஊரே கூடினால் ஒரு நோயையே விரட்டிவிட முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்று நம் பெரியவர்கள் சொன்ன நோயை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளத்து நீரில் உள்ள நுண்ணிய பூச்சி வழியாக உடலுக்குள் போகும் புழு, ஓர் ஆண்டு கழித்து மூன்றடி நீளம் வளர்ந்து காலைத் துளைத்துக்கொண்டு வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்தில் வைப்பான். புழு அதே நீரில் குஞ்சுகளை விட்டுவிடும். ஒருவன் கால் வைத்தால் அடுத்த ஆண்டு ஊரே நோயில் விழும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, நோயாளி குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது, நல்ல கிணறு அமைப்பது, இவ்வளவுதான். 1986-ல் 21 நாடுகளில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய், 2024-ல் உலகம் முழுவதிலும் 15 பேருக்கு மட்டுமே வந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் காணப்பட்டார். 2000-ல் நம் நாடு இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு முழத் துணியும் ஊரின் ஒற்றுமையும் சாதித்த காரியம் இது.

சுத்தம் செய்யும் கைகள்

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. நம் சுத்தத்தை இதுவரை யார் கைகளில் ஒப்படைத்திருந்தோம்? குழி நிரம்பினால் இறங்குகிறவர் யார்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கேள்வியைக் கேட்கும்போதே பதில் உங்களுக்குத் தெரியும்.

1970-ல் பாட்னாவில் சுலப் என்ற அமைப்பைத் தொடங்கிய பிந்தேசுவர் பாடக், இதற்கு ஓர் எளிய வழியைப் பரப்பினார். கழிப்பறைக்கு இரண்டு குழிகள். ஒன்று நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றொன்றுக்குத் திருப்ப வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மூடிய குழியில் உள்ளது நாற்றமற்ற எருவாகிவிடும். வீட்டுக்காரரே அள்ளித் தோட்டத்தில் போடலாம். மனிதன் மனிதனின் மலத்தை அள்ள வேண்டிய தேவை அங்கே இல்லை. கையால் மலம் அள்ள வைப்பதையும், தகுந்த பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அப்படி இறப்பவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் வந்த பின்னும் சாவுச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கூப்பிடுகிறவன் இருக்கும் வரை இறங்குகிறவனும் இருப்பான்.

பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1927-ல் டாக்டர் அம்பேத்கர் மகாட் நகரில் மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. யூதர்கள் சமாரியரின் பாத்திரத்தைத் தொடாத காலத்தில், ஆண்டவர் சமாரியப் பெண்ணின் குடத்திலிருந்து தண்ணீர் கேட்டார். கடைசி இரவு உணவின்போது துண்டைக் கட்டிக்கொண்டு, அடிமை செய்யும் வேலையைத் தாமே செய்தார். ஒவ்வோர் ஆண்டும் பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேர் பாதங்களை நான் கழுவுகிறேன். ஏற்கெனவே வீட்டில் கழுவி வந்த பாதங்கள் அவை. ஊரின் அழுக்கைச் சுமக்கிறவரை வாசலுக்கு வெளியே நிறுத்தித் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தச் சடங்கை நாம் கண்கலங்கப் பார்ப்பதில் பொருள் உண்டா?

நம் பங்கு என்ன செய்யலாம்?

பொன்விழா நினைவாக ஆலய முகப்பில் ஓர் அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசையில் பக்தி இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கொடியேற்றம் முதல் தேர் வரை, நம் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வரும் தாய்மார்களும் முதியவர்களும் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று விழாக்குழுவினரைச் சிந்திக்க வேண்டுகிறேன். வளைவின் கீழ் அவர்களை வரவேற்றுவிட்டு, இருட்டுவதற்காகக் காத்திருக்கச் செய்வது விருந்தோம்பல் ஆகுமா? ஆகவே பங்குப் பேரவையின் முன் ஐந்து காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, ஆலய வளாகத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக, தண்ணீரும் விளக்கும் உட்தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறைகள். முதியவர்கள் உட்கார்ந்து எழக் கைப்பிடி வேண்டும். பெண்கள் பகுதியில் மூடியுள்ள குப்பைத் தொட்டி வேண்டும். கட்டுவதற்கு மட்டுமன்றி, பராமரிப்பதற்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் வீடு வீடாகச் சென்று, கழிப்பறை இல்லாத வீடுகளையும், குழிக்கு அருகிலுள்ள கிணறுகளையும் பட்டியலிட வேண்டும். நம் சபையார் வீடு, பிற மதத்தார் வீடு என்று பிரிக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் அந்தப் பிரிவினையை அறியாது. அரசு உதவி பெறத் தகுதியுள்ளவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் நம் இளைஞர் கடமை.

மூன்றாவது, பங்கின் குடிநீரையும் பள்ளியின் குடிநீரையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

நான்காவது, மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவும் இடம் ஒன்று வேண்டும். பிள்ளைகளின் எட்டும் உயரத்தில் குழாய் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, நம் பங்கைச் சேர்ந்த எந்த வீட்டிலும், எந்த நிறுவனத்திலும், செப்டிக் டேங்குக்குள் மனிதன் இறங்கக் கூடாது. இயந்திர வண்டியையே அழைக்க வேண்டும். துப்புரவு செய்ய வருகிறவருக்கு நியாயமான கூலியும், உட்கார நாற்காலியும், நாம் குடிக்கும் அதே குவளையில் தண்ணீரும் தர வேண்டும்.

இவற்றோடு, தவக்காலக் காணிக்கையில் ஒரு பகுதியைக் காரித்தாஸ் போன்ற திருச்சபை அமைப்புகளின் வழியாக, கிணறும் கழிப்பறையும் இல்லாத தொலைநாட்டு மக்களுக்கு அனுப்புவோம். பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிய அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாகப் போதித்தார். உரிமையை உடையவனுக்குக் கொடுப்பது தருமம் ஆகாது, அது நீதி. நம் காணிக்கையை அந்த மனத்தோடு கொடுப்போம்.

அன்பான மக்களே, கடைசி நாளில் நடுவர் நம்மிடம் தாகமாயிருந்தவனைப் பற்றிக் கேட்பார் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. அவனுக்குக் கொடுத்த தண்ணீர் எப்படிப்பட்டது என்றும் கேட்க மாட்டாரா? இந்தப் பேரவை வரும் ஞாயிறு கூடும்போது நன்கு ஆலோசித்து முடிவெடுக்க வேண்டுகிறேன். வளைவு அடுத்த ஆண்டு எழும்பலாம். தாய்மார்கள் அடுத்த திருவிழாவுக்கே வந்துவிடுவார்கள்.

தண்ணீரின் மேல் அசைவாடிய தூய ஆவியானவர் நமக்கு நல்ல மனத்தைத் தருவாராக. திருமுழுக்கின் நீரில் நம்மைக் கழுவிய ஆண்டவர் இந்தப் பங்கையும், இந்த ஊரின் எல்லா வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.